ஓடையின் ஆட்கள்

மவுண்ட் வெல்லிங்டனில் சரோஜாதேவி வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு ஓடை போனது. 1993 கோடையில் சில நாட்கள் அது நீலமாக ஓடியது. விலாங்கு மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. சேலத்திலிருந்து கடல் கடந்து இந்த நாட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருந்த அவர், லீவு போட்டுவிட்டு நேரே பிராந்திய சபைக்குப் போனார்.

அங்கே நீர்வளப் பிரிவில் இருந்தவர் இராசநாயகம். வவுனியாவில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்து, சண்டையில் வீட்டை இழந்து இங்கே வந்தவர்.

"தண்ணி எங்கட பொறுப்புத்தான்," என்றார். "கரை நகரசபையின்ர. மழைத்தண்ணிக் குழாயும் அவையின்ரதான். ஆனா அது வேற பிரிவு."

"மீன் யாரோடது சார்?"

"மீன் தலைநகரத்தில இருக்கிற அமைச்சின்ர."

"செத்த மீன்?"

இராசநாயகம் யோசித்தார். "அதை ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை."

எல்லோரையும் ஒன்றாகக் கூட்டுவதென்று அவர் தீர்மானித்தார். யாருடைய அலுவலகத்தில் கூடுவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடிப்போனது. கடைசியில் ஓடைக்கரையில் கூடினார்கள். நகரசபையின் கரை அதிகாரியும் குழாய் அதிகாரியும் ஒரே மாடியில் வேலை செய்பவர்கள்; ஆனால் அன்றுதான் ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். அமைச்சிலிருந்து வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். சரோஜாதேவி எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே, கரையில் வந்து திறந்த மழைநீர்க் குழாயிலிருந்து நீலம் வந்தது.

"இது உங்களுடையது," என்றார் குழாய் அதிகாரி மரியாதையாக.

"குழாயை விட்டு வெளியே விழுந்த பிறகுதான்," என்றார் இராசநாயகம்.

ஒரு விலாங்கு கரையோரமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சரோஜாதேவி தட்டைக் கீழே வைத்தார். வேலி வாசல் வழியாக வீட்டுக்குள் போய், வாளியில் நல்ல தண்ணீரோடு வந்தார். சுடிதாரோடு ஓடையில் இறங்கி விலாங்கை அள்ளினார்.

"சார், இதைப் புடிங்க."

வாளியை வாங்கிய இராசநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கரையில் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கி, சோதனைக்கான மாதிரிப் போத்தலை நிரப்பினார். அதைப் பார்த்த குழாய் அதிகாரி தெருவுக்குப் போய் மழைநீர்க் குழாயின் மூடியை நெம்பினார். உள்ளேயும் நீலம். கரை அதிகாரி அடுத்த மூடிக்கு நடந்தார். இப்படியே மூவரும் மூடி மூடியாகப் போனதில் ஒரு பெயின்ட் பட்டறை வந்தது. முற்றத்தில் ஒருவன் பீப்பாய்களைக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்கள் எந்த அலுவலகம்?" என்று கேட்டான்.



"நாங்கள் ஓடையிலிருந்து வருகிறோம்," என்றார் இராசநாயகம். அவர் முழங்கால் வரை நீலமாக இருந்ததால் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினான்.

பட்டறைக்கு அபராதம் விழுந்தது. விலாங்கை ஓடையின் மேல்பகுதியில், நீலம் எட்டாத இடத்தில் விட்டார்கள். ஓடைக்கென்று ஒரு கூட்டுக் குழு அமைந்தது. குடியிருப்போர் சார்பில் சரோஜாதேவி. முதல் கூட்டம் குழுவுக்குப் பெயர் வைப்பதில் முடிந்தது. இரண்டாவதில் ஒரு விதி நிறைவேறியது: முதலில் மூடியைத் திறப்பது, யாருடைய மூடி என்று பிறகு கேட்பது.

குளிர்காலத்தில் இராசநாயகம் போன் செய்தார்.

"ஏவன்டேல்ல ஒரு ஓடையாம். எங்களை வரச்சொல்லிக் கேக்கினம். அங்க ரயில்காரரும் சேர்த்தி."

"எப்போ கிளம்பணும் சார்?" என்றார் சரோஜாதேவி.