ஆன்டிபாடிக்குப் பால் பவுடர்

திங்கட்கிழமை காலை ஆன்டிபாடி கூரியரில் ஆய்வகத்துக்கு வந்து இறங்கினார். ஐஸ் பெட்டியைத் திறந்ததும் எழுந்து நின்று சட்டையை உதறிக்கொண்டார். பிறந்தது முயலின் உடம்பில் என்பதால் காதுகள் மட்டும் கொஞ்சம் நீளம். மற்றபடி நல்ல மனிதர்.

"எனக்கு உலகத்துல ஒரே ஒரு முகந்தான் தெரியும்," என்றார். "அந்த ஆளைக் கண்டா கட்டிப்பிடிச்சுக்குவேன். வேற வேலை தெரியாது."

"அது போதும்," என்றாள் ஆய்வாளர் மரகதவல்லி.

அந்த ஆள் ஒரு புரதம். கருவிலிருக்கும் குழந்தையின் மூளையில், புதிதாய்ப் பிறந்த நரம்பணுக்களுக்கு மாடிப்படி காட்டுவது அவர் உத்தியோகம். அவர் வராவிட்டால் சில அணுக்கள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடும். படிக்கத் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வகம் சந்தேகப்பட்டது. மரகதவல்லிக்குச் சந்தேகமே இல்லை. எழுத்துகள் அவள் கண்முன் ஒருநாளும் ஒழுங்காக நின்றதில்லை. பள்ளிக்கூடம் முழுக்க மக்கு, சோம்பேறி என்ற பெயர்தான். அந்தப் புரதத்தை நேரில் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். முப்பது வருஷத்து ஆத்திரம், சும்மாவா?

ஆன்டிபாடி வேலையை ஆரம்பித்தார். முதலில் காவலாளியைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஃபிரிட்ஜை. பிறகு துறைத்தலைவரை, அவர் மூச்சுமுட்டிக் கெஞ்சும்வரை.

மரகதவல்லி உதவியாளரிடம் திரும்பினாள். "பெனடிக்ட் அண்ணே, எல்லாத்து மேலயும் பால் பவுடர் கரைச்சுப் பூசினீங்களா?" பூசிவிட்டால் ஆன்டிபாடி கண்டதிலும் ஒட்டமாட்டார். ஆய்வகத்தில் அதுதான் வழக்கம்.

பெனடிக்ட் தலையைச் சொறிந்தார். "காலைல டீ போட்டுட்டேன் மேடம்."

"அட கடவுளே, நல்லாப் போட்டீங்க!"

டப்பாவின் அடியைச் சுரண்டிக் கரைத்து மூவருக்கும் பூசினார்கள். ஃபிரிட்ஜும் காவலாளியும் துறைத்தலைவரும் வெள்ளை வெளேரென்று காயக் காத்திருந்தார்கள். ஆன்டிபாடி அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக நடந்து, கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்த மூளைச் சீவலுக்குள் இறங்கினார். மரகதவல்லியும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

உள்ளே படிக்கட்டு. மூன்றாவது திருப்பத்தில் ஒரு வழுக்கைத் தலையர் உட்கார்ந்து ஒரு சீட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டிபாடி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"யோவ், நான் பிறக்கறதுக்கு முந்தியே நீ எங்கிட்ட வந்திருக்கணும்ல?" என்று கத்தினாள் மரகதவல்லி. "ஏன்யா வரல?"

"அப்பவே கிளம்பிட்டேம்மா." புரதம் சீட்டை நீட்டினார். "உங்க முகவரிதான். படிக்கத்தான் முடியல. எழுத்து நிக்கவே மாட்டேங்குது. எல்லாரும் என்னைச் சோம்பேறிங்கறாங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் நிற்கவில்லை. கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயின என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க சோம்பேறி இல்ல," என்றாள். 'சோம்பேறி இல்ல' என்று அவள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, கீழ மூணு டீ!"

"பால் பவுடர் தீந்துபோச்சு மேடம்!"

"துறைத்தலைவர் மேல இருக்குல்ல? சுரண்டிப் போடுங்க."