எந்தத் தொறை?

...வாட்டர்ஃப்ரண்டுக்கு நீர்முகப்பாம் நீர்முகப்பு, யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள் என்று ரோகிணிக்குச் சிரிப்பு வந்தது, மைக்குக்கு முன்னால் சிரிக்கவும் முடியாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதிவு பண்ணுகிற ஷ்யாம் பொறுங்கள் என்று கையைக் காட்டுகிறான், வெளியே எவனோ ரோட்டைத் துளைக்கிறான், அந்தச் சத்தம் நின்றால்தான் பதிவு. மூசி ஆற்றங்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், நடக்கிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு ஆற்றின் கதையைக் கேட்பார்களாம், தமிழுக்கு இவள் குரல். நவாபுகள் முடிந்தது, பாலங்கள் முடிந்தது, பெருவெள்ளமும் வந்து வடிந்தாயிற்று, மிச்சம் ஒரே வரி, 'இந்த நீர்முகப்பில் உழைப்பாளர்கள் நிறைந்திருந்தனர்'. அந்த ஒரு வரிக்குள்தான் அம்மா இருக்கிறாள். இருக்கிறாளா? முட்டி வலிக்கு அப்புறம் லாலாகுடா வீட்டுப் படியைத் தாண்டாத கனகவல்லி, ஞாயிற்றுக்கிழமை உன் கதையக் கேக்க வரேண்டி என்று இப்போதே புடவை எடுத்து வைத்திருக்கிறாள், நீர்முகப்பு என்றால் அது தன்னைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்...

ரயில்வே குவார்ட்டர்ஸ் துணி வெளுக்க வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம், குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு மெஷின் வந்ததும் பிழைப்பு மூசிக்கு மாறியது, சாதர்காட் பாலத்துக்குக் கீழே அம்மாவுக்கென்று ஒரு கல். ஆறு கறுத்துப்போன பிறகும் கரையில் கிணறு தோண்டி வெளுத்தார்கள், ஆஸ்பத்திரிப் போர்வை, ஹோட்டல் விரிப்பு, கல்யாண மண்டபத்து மேஜைத் துணி, இந்தப் பக்கம் வெள்ளாவிப் புகை, அந்தப் பக்கம் எருமைகளுக்குப் புல் அறுத்துத் தலையில் தூக்கிப்போகிற பெண்கள், எத்தனை வீட்டு உலை அந்தக் கரையால் கொதித்தது, நாற்றம்தான், யார் இல்லை என்றது, ஆனால் இவளுடைய ஸ்கூல் ஃபீஸ், கண்ணாடி, முதல் செருப்பு எல்லாம் அங்கிருந்து வந்ததுதானே, அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடலாம். துணி வெளுக்கிற அந்தப் படித்துறையை ஊரே காட் என்று சொல்ல, அம்மா மட்டும் தொறை என்பாள். இன்னொரு கூத்தும் உண்டு, கேபிளில் தினமும் தமிழ்ச் செய்தி கேட்பாள், மெட்ராஸில் மழை என்று சொன்னால் இங்கே கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுவாள், வெயில் சுள்ளென்று அடிக்கும்.

செல்லப்பா சாரை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். தமிழ்ச் சங்கத்துக்காரர், நல்ல மனுஷர், காலேஜில் சேர்த்துவிட உதவி செய்தவர், திருமுல்கேரியில் அவர் வீட்டு வாசலில் அம்மாவும் இவளும் நின்றபோது, பொண்ணு எந்தத் துறைக்குப் போறாம்மா என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் நக்கோவையே போட்டாள்.

"தொறைக்கு அவ நக்கோ சார். அதுக்குத்தான் நான் கீறேனே."

செல்லப்பா சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அம்மாவும் கூடவே சிரித்தாள், அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது இதை எடுத்துவிடுவார்கள், கேட்கக் கேட்க அலுக்காது, அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு தடவையாவது மறுத்துச் சொன்னதில்லை...

துளைக்கிற சத்தம் நின்றது. நீர்முகப்பு வேண்டாம், துறை என்று சொல்லட்டுமா என்று ரோகிணி மைக்கிலேயே கேட்டாள். ஷ்யாம் ஏ.எஸ்.ராவ் நகரில் வளர்ந்த தமிழ்ப் பையன், வீட்டில் தமிழ், மற்றபடி எல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "துறைன்னா டிபார்ட்மென்ட்தானே மேடம்?" என்றான். அட, இவனுக்கு அந்தப் பக்கத்துத் துறை மட்டும்தான் தெரியும், அம்மாவுக்கு இந்தப் பக்கத்துத் தொறை மட்டும்தான்... அம்மாவின் சொல்லை இவள் விளக்கியதும், சரி, ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம், எது நல்லாருக்கோ அதை வச்சுக்கலாம் என்றான், நல்ல பையன், மகராசனாக இருக்கட்டும்.

மூச்சை இழுத்துக்கொண்டாள், 'இந்தத் தொறையில்' என்று ஆரம்பிக்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அம்மாவுக்கு இந்தப் பக்கம் மட்டும்தானா? மழைக்குத் துணி எடுக்க ஓடுவாளே, அதற்கு முன்னால் செய்தியில் தினம் தினம் கேட்டது எது, வானிலை ஆய்வுத் துறை அறிவித்துள்ளது, வானிலை ஆய்வுத் துறை அறிவித்துள்ளது... அவளுக்கா தெரியாது? அப்படியென்றால் அன்றைக்கு அந்த வாசலில் நின்று அவள் சொன்னது தெரியாமல் சொன்னது இல்லையே... ஞாயிற்றுக்கிழமை கேட்டால் சொல்வாளா, மாட்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். சிவப்பு விளக்கு எரிந்தது, ஷ்யாம் கையைக் காட்டினான், ரோகிணி மைக்கருகே குனிந்து 'இந்தத் தொறையில்' என்று ஆரம்பித்தாள்.