தலைவரம்மா வீட்டுக்காரரின் இருமல்

எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் தேவயானி. ஆனால் ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அவள் வீட்டுக்காரர் மணிவேல். பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும் மனைவியைத் தேர்தலில் நிறுத்தினார். ஜெயித்ததும் மாலையைத் தான் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நான் அம்பிகா, வடக்குத் தெரு வார்டு உறுப்பினர். எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கும் செந்துறை ரோட்டைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். போன மாதம் காத்தாயி அக்கா குடத்தோடு ரோட்டில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். லாரி ஒரு சாண் தள்ளிப் போனதால் உயிர் தப்பினாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழாய் போடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அதற்குப் பள்ளம் வெட்ட வேண்டிய புறம்போக்கை மணிவேல் தன் முந்திரிக் கொல்லையோடு சேர்த்து வேலி போட்டிருந்தார். அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் என் குழாய்த் தீர்மானம் தள்ளிப்போனது.

மே தினக் கிராம சபைக்கு ஒன்றிய ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகவும், தலைவர் நாற்காலியில் தலைவரே உட்கார வேண்டும் என்றும் தகவல் வந்தது. மணிவேல் அசரவில்லை.

“முன்னாடி உக்காந்திருப்பேன், நான் இருமுனா நிறைவேத்து, இருமலேன்னா அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுன்னு சொன்னாரு அக்கா,” என்றாள் தேவயானி.

“நீ என்னடி சொன்ன?”

“சரிங்கன்னேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

தன் படம் போட்ட பேனர் போகிற வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று மணிவேல் பந்தலை ரோட்டோரமாகவே போடச் சொன்னார். கூட்டம் தொடங்கியது. தெருவிளக்குக்கு ஓர் இருமல், நிறைவேறியது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு ஓர் இருமல், அதுவும் நிறைவேறியது. என் குழாய் வந்தது. மணிவேல் வாயை இறுக மூடிக்கொண்டு பந்தல் துணியை வேடிக்கை பார்த்தார்.

தேவயானி அவசரப்படவில்லை. மைக்கைச் சரிசெய்தாள். “அக்கா, இன்னொரு தடவ படிங்க, பின்னாடி கேக்கலயாம்,” என்றாள். நான் படித்தேன். அவள் கண் மட்டும் ரோட்டில் இருந்தது.

கல் லாரி ஒன்று வந்தது, பின்னாலேயே இரண்டு. பந்தல் முழுக்கப் புழுதி. மணிவேல் மூச்சைப் பிடித்துப் பார்த்தார், முகம் சிவந்தது. பிறகு ஆரம்பித்த இருமல் நிற்கவே இல்லை.

“வடக்குத் தெரு குழாய்த் தீர்மானம் நிறைவேறியது,” என்றாள் தேவயானி. “யாருக்காச்சும் ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க.”

மணிவேல் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார், இருமினார், மறுபடி ஆட்டினார். என்னத்தைச் சொல்வார்? இந்த இருமல் அந்த இருமல் இல்லை என்று அதிகாரி முன்னால் சொல்ல முடியுமா?

“தலைவரே, நல்ல முடிவு!” என்றார் அதிகாரி. பழக்க தோஷத்தில் மணிவேல் திரும்பினார். அதிகாரி தேவயானியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி... தண்ணி...” என்று மணிவேல் நெஞ்சைப் பிடித்தார்.

காத்தாயி அக்கா கட்டுப்போடாத கையால் ஒரு டம்ளரை நீட்டினாள்.

“மெதுவா குடிங்க தம்பி. ரோட்டுக்கு அந்தாண்ட போயி எடுத்தாந்த தண்ணி, சிந்திடாதீங்க.”