மண்ணாங்கட்டிக்கு ஒரு செல்லப்பேர்

கட்டிக்கப் போகிறவனுக்கு ஒரு செல்லப்பேர் வைப்பது மலையைப் பெயர்க்கிற வேலையில்லை என்றுதான் பாஞ்சாலி நினைத்திருந்தாள். பாவம், அத்தை மகனைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அத்தை மகனுக்குப் பெற்றவள் வைத்த பேர் மண்ணாங்கட்டி. சிரிக்காதீர்கள். பெருமுக்கல் பக்கம் போய் மண்ணாங்கட்டி என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். முன்னால் பிறந்தது தங்காமல் போனால், அடுத்து வருவதைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திருப்பி வாங்கி, காதால் கேட்கச் சகிக்காத பேராகப் பார்த்து வைத்துவிடுவார்கள். எமன் வருவான், பார்ப்பான், 'சீ, தவிட்டுக்கு வாங்கின சரக்கு' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். எமனுக்கு அவ்வளவுதான் புத்தி என்பது அந்தப் பக்கத்தாரின் கணிப்பு. அம்மணி அத்தை அப்படி வாங்கி, அப்படிப் பேர் வைத்து வளர்த்த ஒற்றைப் பிள்ளை இவன்.

அந்த மண்ணாங்கட்டி படித்தான். விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் குமாஸ்தா ஆனான். தலைக்கு வாசனை எண்ணெய் வந்தது, காலுக்கு பூட்ஸ் வந்தது, பேரும் மதனசேகரன் என்று மாறியது. ஊரில் யாராவது பழைய பேரைச் சொன்னால் காது கேட்காதவன் மாதிரி நிற்பான். பெற்ற தாய் மட்டும் விடவில்லை. ஜங்ஷன் ஜன்னலுக்கே வந்து, க்யூவில் நிற்கிறவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, "டேய் மண்ணாங்கட்டி, கேப்பைக் களி கொண்டாந்திருக்கேன்டா" என்று கூவினாள். அன்றைக்கு அவன் கொடுத்த சில்லறை ஒன்றும் சரியாக இல்லை.

பரிசம் போட்டாயிற்று, தை பிறந்தால் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் ரயிலேறித் திண்டிவனம் வந்துவிடுவான். பாஞ்சாலியின் அப்பா, அவனுக்கு மாமன், சுப்பராயலு மல்லாட்டை வியாபாரத் தரகர்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுத்தால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் தோட்டத்துப் பக்கம் நின்று பேசிக்கொள்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்படி ஒரு ஞாயிறில்தான் வம்பு பிறந்தது.

"இத பாரு பாஞ்சாலி, இனிமே மாமான்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்பிடறதாம்?"

"தெருவுல போற கெழவன்லருந்து மாடு மேய்க்கிறவன் வரைக்கும் உனக்கு மாமா. அதுல நானும் ஒரு மாமாவா? ஜங்ஷன்ல வந்து பாரு. துரை டிக்கெட் வாங்குறாரு, துரைசானி பக்கத்துல நின்னுகினு டார்லிங்கறா, டியருங்கறா. மனுசன் மீதிச் சில்லறையைக்கூட எண்ணாம போயிடறாரு. எனக்குன்னு ஒரு பேரு வை. அடுத்த வாரம் வர்றப்ப ரெடியா இருக்கணும்."

அடேயப்பா, என்ன அதிகாரம்! ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பாஞ்சாலிக்கும் உள்ளூர ஆசைதான். பாவாடை கட்டின நாளிலிருந்து அவன்மேல் அவளுக்கு உயிர். கல்யாணமாகிவிட்டால் புருசன் பேரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். காலம் பூராவும் 'இந்தாங்க', 'ஏங்க' என்றே ஓட்ட வேண்டியதுதான். தன் வாய்க்கு மட்டும் சொந்தமாக, உலகத்தில் வேறு எவளும் சொல்லாத ஒரு சொல் அவனுக்கு வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

யோசனைக்கு இருதயமேரியிடம் போனாள். அடுத்த வீட்டு இருதயமேரி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை, பேச்சு வார்த்தைகூட வரவில்லை. ஆகவே காதல் விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"மொதல்ல நம்ம ஊரு சரக்கைப் போட்டுப் பாருடி" என்றாள். "கூத்துல எப்படிக் கூப்பிடறா? பிராணநாதாங்கறா. அதைச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி முந்தானையைத் திருகிக்கொண்டு, "பிராணநாதா" என்றாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"உன் பேரே பாஞ்சாலி. கூத்துப் பாஞ்சாலி இதே பிராணநாதாவை அஞ்சு பேரைப் பார்த்துச் சொல்றா. நான் அதுல எத்தினியாவது ஆளு?"

இது போச்சு. அடுத்த வாரம் இருதயமேரி 'டார்லிங்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாள். நாக்கை எங்கே மடக்க வேண்டும், எங்கே நீட்ட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதாத குறை. பாஞ்சாலி அதை உரலில் மாவு இடிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினாள். அவன் கேட்டுவிட்டு, "துரைசானி சொன்னா வெண்ணெய் மாதிரி வருது. நீ சொன்னா உலக்கை விழற மாதிரி இருக்குது" என்றான். உலக்கை போட்டுப் பழகினது வேறு எப்படி இருக்கும்?

அதற்கடுத்த வாரம், "ராசா."

"எங்க போர்ட்டர் சின்னதுரைக்கு அவன் பொண்டாட்டி சோறு கொண்டாந்து ராசா ராசாங்கறா. மூட்டை தூக்கறவனும் ராசா, நானும் ராசாவா?"

கிழிந்த டிக்கெட்டைத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளினான். பாஞ்சாலிக்கு அழுகை வந்தது. இருதயமேரியோ, "இவனுக்குப் பேரு வைக்கிறதைவிட ஊருக்கே பேரு வெச்சிடலாம். பேஜாரு புடிச்ச ஆளுடி" என்று கைகழுவிவிட்டாள். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"மதன்னு கூப்பிடு."

"ஐயோ, அது உங்க பேராச்சே! பேரைச் சொன்னா ஆயுசு..."

"மூடநம்பிக்கை!" என்று அவன் பூட்ஸ் காலைத் தரையில் தட்டினான். "ஸ்டேஷன் மாஸ்டர் பொழுதினிக்கும் என் பேரைச் சொல்லித்தான் திட்டறாரு. நான் செத்தா பூட்டேன்? எமன் கிமன் எல்லாம் வேலையில்லாதவன் கட்டின கதை. கூட்டத்துக்கெல்லாம் போய்க் கேட்டுக்கினு வர்றவன் நான். பகுத்தறிவு உள்ளவன். தைரியமா கூப்பிடு."

பாஞ்சாலி சாமியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "மதன்" என்றாள். முழுப் பேர் இல்லையே, பாதிப் பேர்தானே, பாதி ஆயுசுக்கு மோசமில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவன் பூரித்துப்போய் மீசையை நீவிக்கொண்டு ரயிலேறினான்.

மறுநாள் அவனுக்குக் குளிர்காய்ச்சல். விழுப்புரத்தில் அந்த மாதம் பாதி ரயில்வே குடியிருப்பே போர்த்திக்கொண்டு படுத்திருந்தது, கொசு அவ்வளவு. ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் யாரும் 'மதன்' என்று பேர் வைக்கவில்லையே! அம்மணி அத்தை ஓடிப்போய் மகன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். காய்ச்சல் வேகத்தில் நம் பகுத்தறிவுக்காரன் உளறினான்: "மதன்னு கூப்பிட்டாளே, மதன்னு கூப்பிட்டாளே."

அவ்வளவுதான். அடுத்த ரயிலிலேயே அத்தை திண்டிவனத்தில் வந்து இறங்கினாள்.

"எங்கடி அவ? என் புள்ளைக்குப் பேரு வெச்ச மகராசி எங்க?"

தூங்கிக்கொண்டிருந்த சுப்பராயலுவே எழுந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாஞ்சாலி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பரிசப் புடவைய எடுத்தாடி. எனக்கு இந்தச் சம்பந்தமே வேணாம். தேன் ஒழுகற வாயி என் வூட்டுக்கு வேணாம்."

"அத்தே, அவருதான் அப்படிக் கூப்பிடச் சொன்னாரு."

"அவன் சொல்லுவான். அவனுக்கு என்னா தெரியும்?" அத்தை சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். குரல் இறங்கிவிட்டது. "மூத்தவனை முத்துன்னு கூப்பிட்டேன்டி. அடுத்தவளைத் தங்கம்னேன், ஆசையா. இந்தக் கையாலதான் ரெண்டையும் தூக்கிக் குடுத்தேன். இவனை ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அப்படிக் கூப்பிட்டிருப்பேனா? நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். மண்ணாங்கட்டிம்பேன்."

பாஞ்சாலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பொம்பளை இத்தனை வருசமாக ஜங்ஷன் ஜன்னலில் நின்று மானத்தை வாங்கியது எதற்கென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிவந்து அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் என்னா செய்யணும்? சொல்லுங்க அத்தே, செய்றேன்."

"நீ வெச்ச வாயாலயே எடு. வந்து திட்டு. எமன் காதுல விழறாப்பல திட்டு. காய்ச்சல் எறங்கினா தையில கல்யாணம். எறங்கலன்னா..."

சுப்பராயலு துணைக்கு வர, மூன்று பேரும் விழுப்புரம் போனார்கள். அவன் கம்பளிக்குள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு கிடந்தான். பாஞ்சாலிக்கு அவன் கன்னத்தைத் தொட வேண்டும் போலிருந்தது. அத்தை முழங்கையால் இடித்தாள். "ஜல்தி, ஆரம்பி."

"நீங்க... நீங்க ஒரு உருப்படாதவங்க" என்றாள் பாஞ்சாலி.

"எமன் என்னா உனக்கு மாமனாரா, மரியாதை குடுத்துக்கினு? பலமா!"

"தண்டச்சோறு!"

"இதைத்தான் நானே தெனம் சொல்றேனே. புதுசா!"

"எருமை! மூதேவி! நாசமாப் போறவனே! சாணிக்குப் பொறந்த... சாணிக்கூடை!" முதலில் கண்ணீரோடு வந்தது. பிறகு, சொல்வதற்கென்ன, பிராணநாதாவும் உலக்கையும் ராசாவும் ஞாபகத்துக்கு வர வர, தானாகவே சுருதி ஏறியது. "பூட்ஸு போட்ட பன்னி! வாசனை எண்ணெய் தடவின வெளக்குமாறு!" அக்கம்பக்கத்துப் பெண்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். குறை சொல்லக் காத்திருந்தவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொடுத்தார்கள். போர்ட்டர் சின்னதுரையின் பெண்டாட்டி கொடுத்தது எழுதத் தரமில்லை. நோயாளி கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, "எல்லாம் வெளிய போங்க!" என்று கத்தினான். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இறங்கிவிட்டது.

ரயில்வே டாக்டர் நாலு நாளாக வேளை தவறாமல் கொயினா மருந்து கொடுத்துவந்தார். அந்த மனுசனுக்கு யாரும் ஒரு வெற்றிலை பாக்குக்கூட வைக்கவில்லை. அத்தை பாஞ்சாலியின் வாய்க்குத்தான் சர்க்கரை போட்டாள்.

தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. குடித்தனம் விழுப்புரத்தில். வேலைக்குப் போன இடத்தில் அவன் முன்னைப்போலவே எமன் கிமன் எல்லாம் கட்டுக்கதை என்று பேசிக்கொண்டுதான் இருந்தான். வீட்டில் செல்லப்பேர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. பாஞ்சாலியும் 'இந்தாங்க' என்றே காலம் தள்ளினாள். காய்ச்சலில் பட்டது அவனுக்கு வெட்கமாக இருக்கும், போகட்டும், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

ஒருநாள் காலை. அவன் குளித்துவிட்டு, தலை துவட்டத் தெரியாமல் துவட்டி, முடியெல்லாம் குத்திட்டு நிற்க அடுப்படிக்கு வந்து நின்றான். சின்ன வயசில் மழையில் நனைந்து வந்து நிற்பானே, அச்சு அசல் அதே முகம். பாஞ்சாலி துண்டை வாங்கி அவன் தலையைத் துடைத்தாள். கூத்திலிருந்தும் வராமல், துரைசானியிடமிருந்தும் வராமல், இருதயமேரி சொல்லிக்கொடுக்காமல், அந்தச் சொல் அவள் நெஞ்சிலிருந்து தானாக வந்தது.

"நீ எங் கண்ணு" என்றாள்.

சொன்னதும் அவளுக்கே சிலிர்த்துவிட்டது. இதுதான், இத்தனை நாளாகத் தேடியது இதுதான் என்று தெரிந்துவிட்டது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல, தெரியுமில்ல? அம்மாவுக்குத்தான்..." மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "எதுக்கும் ஒரு தடவ திட்டிடு."

பாஞ்சாலி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. விளையாட்டில்லை, மெய்யாகவே கேட்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

"திட்டு பாஞ்சாலி. டூட்டிக்கு நேரமாவுது. இப்படியே போனா மனசு என்னமோ பண்ணும்."

பார்த்தாள். வாசலில் காத்திருந்த பூட்ஸையும் பார்த்தாள், அவன் மீசையையும் பார்த்தாள். ஒரு சொல்லுக்காக இவனிடம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கைகட்டி நின்றோம் என்று நினைத்தாள். துண்டை அவன் மூஞ்சியில் வீசினாள்.

"தூ, கட்டையில போறவனே! போ, என் கண்ணு முன்னால நிக்காத!"

அவள் மனசாரத் திட்டினது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் உயிர் வந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "இப்படித்தான் ஆசையா கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனான்.