குக்கரில் வைத்த பாஸ்தா

நாலு நாள் காய்ச்சலில் எதையும் தொடாத தேவிப்பிரியா, அன்றைக்குத்தான் கண்ணுங்களா, வாய் திறந்து சாசேஜ் பாஸ்தா கேட்டாள். அவள் அம்மா வேலை விஷயமாகப் பெங்களூரு போயிருந்தாள். அப்பா ஹேமநாதன் அயனம்பாக்கம் கடைக்கு ஓடி எல்லாம் வாங்கிவந்து, சோறு வைக்கிற பழக்கத்தில் பாஸ்தாவையும் சாசேஜையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூணு விசில் விட்டான்.

திறந்தால் ஒரே கூழ்.

"இன்னா நைனா இது, போஸ்டர் ஒட்டவா?" என்று மகள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் அவனுக்கு உயிர் வந்தது. "ஒரே ஒரு வாய்டா செல்லம்" என்று ஊட்டினான். வாங்கிக்கொண்டவள் விழுங்க முடியாமல் துப்பிவிட்டாள்.

"பசியே போச்சு நைனா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

தட்டோடு அவன் கட்டில் ஓரமாகவே நின்றான். அவள் இனி எப்போது வாய் திறந்து கேட்பாளோ, அவனுக்குத் தெரியவில்லை.