அமிலம் கடித்த துண்டு

கூலாய் ஊர்ல ஒரு தொழிற்சாலையில கார் சின்னங்களுக்குக் குரோம் பூசுறாங்க. அதுக்கு முன்னாடி பிளாஸ்டிக்கை அமிலத் தொட்டியில முக்கி எடுக்கணும். அமிலம் கடிச்ச பொடிக் குழிகள்லதான் குரோம் பிடிச்சு நிக்கும். அந்தத் தொட்டி தேன்மொழி பொறுப்பு. போன மாசம் பூசின குரோம் மொத்தமும் உரிஞ்சு வந்துச்சு. "தொட்டியைக் கழுவல, அழுக்கு"ன்னு மேனேஜர் பழியைத் தூக்கி அவ தலையில போட்டுட்டார். அப்போ அமிலத்துல முக்கி, குரோம் ஏறாத ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. அது சுத்தம்னு ரிப்போர்ட் வந்தா பிழைச்சா, இல்லன்னா வேலை போச்சு. புருஷன் இல்லாத வீடு, அந்த வேலையிலதான் அடுப்பு எரியுது.

பக்கத்து ஊர் ஸ்கூடாய் சோதனைக்கூடத்துல வேலை பார்க்கிற அபூபக்கர், தேன்மொழி கொண்டுவந்த துண்டுப் பையை வாங்கினார். "சீல் திறந்திருக்கே?"

"நாந்தாண்ணே, சும்மா பார்த்தேன்."

படம் தெளிவா விழ அவர் துண்டுமேல மெல்லிசா தங்கம் பூசி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள்ள வச்சார். திரையில குழிகள் தெரிஞ்சுது. குழி நிறைய வெள்ளை வெள்ளையாத் துகள். அது என்ன பொருள்னு அவர் கருவியில தட்டிப் பார்த்தார்.

"இது கால்சியம், அம்மா. அமிலத்துல இது வராது. வெளியில இருந்து விழுந்த அழுக்கு. தொட்டியில விழுந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க."

"அலமாக், ஐயய்யோ!"ன்னு தேன்மொழி தலையில கை வச்சா.

அட கிறுக்கே, இப்பதான் உறைச்சுதா? காலையில அந்தத் துண்டை முருகன் காலடியில வச்சு அழுதவ யாரு? பைக்குள்ள இருந்தா சாமிக்கு எப்படித் தெரியும்னு வெளியில எடுத்து, அள்ளி அள்ளிப் பூசினது யாரு?

"அண்ணே, அது திருநீறுண்ணே! என் கையால நானே போட்டது!"

அபூபக்கர் அவ பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா நான் நம்புறேன்லா. நம்புறதை ரிப்போர்ட்ல எழுத முடியாதேம்மா."

"கழுவிட்டுப் பார்க்கலாமாண்ணே? கெஞ்சிக் கேக்குறேன்."

"கழுவினா தொட்டியில விழுந்த அழுக்கும் சேர்ந்துதானே போயிடும்? அப்புறம் சுத்தம்னு எப்படிச் சொல்றது?"

அவர் மனசு கேக்காம திரையை ஒரு ஓரத்துக்கு நகர்த்தினார். அங்க திருநீறு படல. குழிகள் ஒண்ணுபோல ஒண்ணு, அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. அமிலம் கடிக்க வேண்டிய அளவுக்குக் கடிச்சிருந்துச்சு.

தேன்மொழி திரையைத் தொட்டுக்கிட்டு விக்கி விக்கி அழுதா. "பார்த்தீங்களாண்ணே? நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

"பார்த்தேம்மா, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா சுத்தம்னு எழுத இந்த ஒரு ஓரம் போதாதேம்மா," என்ற அபூபக்கர், அவ முகத்தைப் பார்க்காம ரிப்போர்ட்ல தட்டினார்: மேற்பரப்பில் வெளி அழுக்கு உள்ளது.