ரிசர்வ் மாமன்

அரசுகள் கவிழலாம், கம்பெனிகள் கைமாறலாம், கடல்கூட ஒரு நாள் பின்வாங்கலாம். ஆனால் சீனியாரிட்டி லிஸ்ட் நிலைத்து நிற்கும், ஏனென்றால் மனித குலம் இதுவரை கண்டுபிடித்ததில் கலப்படமில்லாத நீதி அது ஒன்றுதான். இதைச் சொன்ன கேப்டன் தெய்வசிகாமணி அப்போது உறுவையாறு அம்மன் கோயில் பந்தலில், முதல் பந்தியில் இடம் கிடைக்காமல், தின்றுகொண்டிருந்த ஒருவரின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாற்காலிக்காரர் மூன்றாவது முறையாகச் சாம்பார் கேட்டார்.

"பாத்தியா? நான் வந்தது ஏழரைக்கு. இந்தாளு வந்தது எட்டுக்கு. கேக்க நாதி இல்ல," என்றார் கேப்டன்.

"நீங்களாவது நிக்கிறீங்க. நான் நின்னாலும் போனப் பாக்கணும், உக்காந்தாலும் போனப் பாக்கணும்," என்றான் கணேஷ்குமார்.

இருவரும் ஒரே விமானக் கம்பெனியில் பைலட்டுகள். வில்லியனூர் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை தெய்வசிகாமணி. உறுவையாற்றில் அப்பா கழனியை விற்றுப் படிக்க வைத்த பிள்ளை கணேஷ்குமார். விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் ஃபர்ஸ்ட் ஆபீசர். சீட் பக்கம்தான். லிஸ்டில் இருவருக்கும் நடுவே முந்நூறு பேர்.

அன்று கணேஷ்குமாரின் தங்கை சிந்துவின் மகள் சுவேதாவுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். சிந்துவின் கல்யாண ரிசப்ஷன், வளைகாப்பு, பேர் வைக்கிறது எதற்கும் இந்த மாமன் வரவில்லை. எல்லா நாளும் அவன் ரிசர்வில் இருந்தான்.

ரிசர்வ் என்பது வேலையும் இல்லாத, லீவும் இல்லாத ஒரு நிலை. எங்கோ ஒரு பைலட்டுக்கு வயிறு கலக்கினால் இவனுக்குப் போன் வரும். வந்த தொண்ணூறாவது நிமிடம் சென்னை விமான நிலையத்தில் நிற்க வேண்டும். லிஸ்டில் மேலே இருப்பவர்கள் தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள்; கீழே இருப்பவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களின் வயிற்றுக்காக வேண்டிக்கொள்வார்கள்.

"இந்த தபா வரலன்னா எனக்கு ஒரே ஒரு அண்ணன்தான்னு நெனச்சிக்கிறேன்," என்று சிந்து சொல்லிவிட்டாள். மாத ரோஸ்டரைத் திறந்தால் அன்றைக்கும் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ரிசர்வ். ஆகவே கம்பெனியைப் பொறுத்தவரை கணேஷ்குமார் இந்த நிமிடம் பல்லாவரம் வாடகை அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உடம்பு மட்டும் மூன்று மணி நேரம் தள்ளி உறுவையாற்றில் இருந்தது.

அதற்கும் அவன் ஏற்பாடு செய்திருந்தான். கார் ரோட்டைப் பார்த்து நின்றது. பட்டு வேட்டிக்குள் யூனிபார்ம் பேண்ட்டும், அதற்கும் கீழே பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவும் இருந்தன. கையில் சொந்தப் போன். சட்டைப் பையில், கம்பெனிக்கு மட்டுமே நம்பர் தெரிந்த இன்னொரு போன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் பார்த்தான். மிஸ்டு கால் இல்லை. திரும்பப் பையில் வைத்தான். சினிமாவில் வெடிகுண்டைக் கையாள்கிறவர்கள் இவ்வளவு பதவிசாக இருப்பதில்லை.

"உனக்குக் கீழ யாருப்பா இருக்காங்க இன்னிக்கி?"

"அருள்மொழி. போன வருஷம் சேர்ந்த பொண்ணு. மொதல்ல அதைத்தான் கூப்புடுவாங்க. அதைக் கூப்புடற வரைக்கும் நான் சேஃப்."

"நல்ல பொண்ணு," என்றார் கேப்டன், தியாகிகளைப் பற்றிப் பேசும் குரலில். பிறகு தன் கதைக்கு வந்தார். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. "என் நெலமய பாரு. படுக்கும்போது என் நம்பர் நாப்பத்தொண்ணு. ராவோட ராவா நம்ம கம்பெனியும் போட்டிக் கம்பெனியும் ஒண்ணாச்சி. எழுந்திருச்சா எரநூத்தி ஆறு! பெரிய சம்சாரத்துப் புள்ளைங்க பந்தியில உக்காந்திருக்கும்போது சின்ன சம்சாரத்துப் புள்ளைங்கள இட்டாந்து நடுவுல சொருவுன மாதிரி."

"சார், அவங்களும் இதையேதான் சொல்றாங்க. அவங்க கணக்குல நாமதான் சின்ன சம்சாரம்."

கேப்டன் நாற்காலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்காலிக்காரர் இப்போது கேசரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் பத்தர் வீரமணி பலகை போட்டு, ஊசியும் தங்கக் கம்பியும் எடுத்து வைத்துவிட்டார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய சுவேதா, எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்தாள். மடி யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. சிந்துவுக்கு அண்ணன்கள் இரண்டு பேர்.

மூத்தவர் பலராமன், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் கான்ட்ராக்ட் பஸ்ஸில் ஸ்பேர் டிரைவர். காக்கிச் சட்டைக்கு மேலேயே துண்டைப் போட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, எல்லா விசேஷத்துலயும் நீதான நின்ன," என்றான் கணேஷ்குமார். "இது ஒண்ணு எனக்கு உடேன்."

"நீ வராததால நான் நின்னேன். அதுக்குன்னு மடிய தூக்கிக் குடுத்துருவாங்களா? மொத மாமன் நானு."

"கேப்டன் சார், நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க."

கணேஷ்குமார் செய்த முதல் தப்பு அது. கேப்டனுக்கு உலகத்தில் ஒரே ஒரு நியாயம்தான் தெரியும்.

"நீ எந்த வருஷம்பா?" என்று பலராமனைக் கேட்டார்.

"எம்பத்தி மூணு சார்."

"இவன் எம்பத்தி எட்டு. இந்த வூட்ல யார் மொதல்ல ஜாயின் பண்ணாங்க? பலராமன். மடி அவருக்கு. கணேசு, நீ ரிசர்வ்."

பந்தலே சிரித்தது. "இன்னா சின்னண்ணா, இங்கயுமா ரிசர்வு?" என்றாள் சிந்து. அவளும் சிரித்தாள்தான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மூன்று மணி நேரம் காரோட்டி, வேலையையும் பணயம் வைத்து வந்தவன், சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் ஷூவோடு நின்றான்.

இடது காது குத்தப்பட்டது. சுவேதா போட்ட கூச்சலில் கோயில் மணி தேவைப்படவில்லை. "அழுகை நிக்கட்டும்பா. அழுவறப்ப குத்துனா ஓட்டை கோணிக்கும்," என்று வீரமணி டீயை வாங்கிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. கணேஷ்குமார் மார்பைப் பிடித்துக்கொண்டான். அடித்தது பலராமனுடையது. இரண்டாவது மணி அடிக்குமுன் அவர் எடுத்தார்.

"சொல்லு சார். மடுகரை டிரிப்பா? புகழேந்திக்கு ஜொரமா? தோ, கெளம்பிட்டேன்."

எழுந்தார். குழந்தையைத் தூக்கித் தம்பியிடம் நீட்டினார். "நர்ஸ் பொண்ணுங்க ஸ்டாப்புல நிக்குதாம். இன்னொரு காது கீது. ரிசர்வு, வந்து உக்காரு." பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மொத்தம் நாற்பது வினாடி. ஒன்பது வருட ரிசர்வ் அனுபவத்தில் இப்படி ஒரு ரிசர்வை கணேஷ்குமார் பார்த்ததில்லை.

பலகையில் உட்கார்ந்தான். வேட்டிக்குள் பேண்ட் இறுக்கிப் பிடித்தது. சுவேதா அவன் மூக்கைப் பிடித்தாள். அந்த நிமிடம் அவனுக்கு லிஸ்டும் இல்லை, நம்பரும் இல்லை.

சொந்தப் போனில் செய்தி வந்தது. அருள்மொழி. 'சார், எனக்குக் கால் வந்துடுச்சு. கோயம்புத்தூர். கிளம்பறேன்.'

கணேஷ்குமார் நிமிர்ந்தான். "சார், அருள்மொழி போயிடுச்சி. அடுத்தது நான்தான்."

"பத்தரே, சீக்கிரம்," என்றார் கேப்டன்.

"இன்னா சீக்கிரம்? டீ சுடுது."

"இவனுக்குப் போன் வரும்பா. ஏரோப்ளேன் நிக்கும்."

"நிக்கட்டும். காது கோணிப்போனா ஏரோப்ளேனா வந்து நிமுத்தும்?"

கேப்டன் குனிந்து காதோடு யோசனை சொன்னார்: போன் வந்தால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். கணேஷ்குமார் தலையை ஆட்டி மறுத்தான். ஒன்பது வருடமாக மற்றவர்களின் வயிற்றால் கெட்டவன் அவன். சிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரரும் பார்த்தார். சட்டைப்பைப் போனைத் தடவியபடி, கணேஷ்குமார் விமானத்தில் அறிவிப்பு செய்யும் குரலில் சொன்னான்:

"இந்தப் போனு அடிச்சாலும் சரி, எவன் கூப்ட்டாலும் சரி, இந்த மடிய உட்டு எழுந்திரிக்க மாட்டேன். வேலை போனாலும் போவட்டும். நான் இந்தக் கொழந்தைக்கு மாமன்."

சிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு கிழவர் "ஆம்பள!" என்றார். கேப்டன், யாரும் கேட்காமலே, சல்யூட் அடித்தார். வீடியோக்காரர் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கணேஷ்குமார் முன்னதைவிட நன்றாகச் சொன்னான்.

வலது காது குத்தப்பட்டது. போன் அடிக்கவில்லை. சுவேதா அலறி, மாமன் மடியை நனைத்தாள். பேண்ட் வரைக்கும் இறங்கியது.

பலராமன் மடுகரை போய், ஆட்களைக் கல்லூரியில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கேப்டனுக்கு ஒருவழியாக நாற்காலி கிடைத்திருந்தது, கேசரி தீர்ந்திருந்தது. தம்பியின் வீரத்தை ஆளுக்கொரு பக்கம் பலராமனிடம் சொன்னார்கள். சிந்து சொன்னபோது வசனம் இன்னும் நீண்டிருந்தது.

"மெய்யாலுமா?" என்றார் பலராமன். "எத்தினி கால் வந்திச்சி?"

"ஒண்ணுகூட வரல அண்ணா. அம்மன் காப்பாத்திட்டா."

சொந்தப் போன் அடித்தது. கையில் பொங்கல் இருந்ததால் கணேஷ்குமார் ஸ்பீக்கரில் போட்டான். அருள்மொழி விமான நிலையத்திலிருந்து பேசினாள்.

"சார், நீங்க இன்னிக்கி ரிசர்வே இல்லயாமே? எனக்கு அடுத்தது கணேஷ் சாரான்னு இங்க கேட்டேன். அவருக்கு இன்னிக்கி லீவு, நேத்து நாலு மணிக்கே மெசேஜ் போட்டுட்டோம்னு சொல்றாங்க. பாக்கலயா சார்? ரெண்டு நாளா உங்க நம்பர் கெடைக்கலன்னு வேற சொல்றாங்க."

பலராமன் கையை நீட்டித் தம்பியின் சட்டைப்பையிலிருந்து கம்பெனிப் போனை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது, மேல மூலையில ஏரோப்ளேன் படம் போட்டுகினு கீது?"

கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பி, ஊறுகாயைத் தீவிரமாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

முந்தாநாள் மாலை கொல்கத்தாவில் விமானம் கிளம்புமுன் கணேஷ்குமார் அந்தப் போனை ஃப்ளைட் மோடில் போட்டிருந்தான். இன்னும் எடுக்கவில்லை.